கேட்கப்பட்ட ஜெபம்

எங்கள் சபைக்கு யோபு ஐயர் மாற்றலாகி வந்தபோது அவருடைய சாமான்கள் ஒரு குட்டியானை வண்டியில் பாதிகூட நிறையவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். முந்தின ஐயர் இரண்டு லாரியோடு வந்தவர்.

"மிச்சம் பின்னால வருதா ஐயரே?" என்று கேட்டோம்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றார்.

அவருடைய ஜெபமும் அந்த வண்டி மாதிரிதான். வேதமாணிக்கம் அண்ணாச்சி கட்டின மாடிக்குப் பிரதிஷ்டை ஆராதனை. ஐயர் மூன்று வாக்கியத்தில் ஜெபத்தை முடித்துவிட்டார். பிரியாணி அண்டாவுக்கு அப்போதுதான் தம் போட்டிருந்தார்கள். ஜனங்கள் கண்ணைத் திறந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணாச்சிக்கு மனசு ஆறவில்லை.

"ஐயரே, ஜெபத்தை இன்னுங் கொஞ்சம் நீட்டியிருக்கலாம். வயிறு நிறையலையே."

"அதுக்குத்தான் பிரியாணி இருக்கே அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு அறுபது வயது. பஜாரில் ஆணி, பூட்டு, பெயிண்ட் எல்லாம் விற்கிற கடை. ஐயருக்கு அதில் பாதி வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலமானால் அண்ணாச்சி வேதபுத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போய்விடுவார், சந்தேகம் கேட்க. "அப்பன் வயசுல ஒரு சீஷன்" என்று ஊர் சிரித்தது. அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை.

நான் அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரன். பெயர் சாலமோன். பேருதான் சாலமோன், ஞானம் எல்லாம் அந்த ராஜாவோடு போச்சு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் அவர் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நானும் என் வீட்டுக்காரியும் தினமும் காணிக்கை போடாமல் கலந்துகொண்டோம்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பாட்டு. பிறகு சங்கீதம். பிறகு அண்ணாச்சி முழங்கால்படியிடுவார். அதற்கப்புறம் எங்கள் டிவியைப் போட்டுப் பிரயோஜனமில்லை.

அவர் ஆண்டவரோடு பேசுவதாகத்தான் ஆரம்பிப்பார். போகப் போகப் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

"கிருபையுள்ள பிதாவே, குழம்பில் உப்பைக் கூட்டிப்போடுகிறவர்களின் ஞாபகமறதியை மன்னியும்."

உடனே அவர் சம்சாரம் ரூபாவதியக்கா ஜெபம் பண்ணும்.

"ஆண்டவரே, நாக்கை அடக்க முடியாதவர்களுக்குச் சாந்தகுணத்தைத் தந்தருளும்."

ஒருநாள் எனக்கும் விழுந்தது. "இரக்கமுள்ள தேவனே, அடுத்த வீட்டுத் தென்னை மட்டை எங்கள் தண்ணீர்த் தொட்டியில் விழாதபடி அந்த மனுஷனின் கண்களைத் திறந்தருளும்." மறுநாளே ஆளைக் கூப்பிட்டு மட்டையைக் கழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் உடனே கேட்கப்பட்ட ஜெபம் அது ஒன்றுதான்.

எல்லாரையும்விட அதிகமாக விழுந்தது அவர்களுடைய ஒரே மகன் கிப்சனுக்கு.

பையன் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் சேர்ந்துகொண்டான். கேக்கு, மக்ரூன், பன்னு. அண்ணாச்சிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஆனால் மகனைக் கூப்பிட்டு, "ஏலே, ஏன் இப்படிப் பண்ணினே?" என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. சாப்பிடும்போது பேசமாட்டார். வாசலில் எதிர்ப்பட்டால் பேசமாட்டார். ஏழு மணிக்குக் கண்ணை மூடினதும் மடை திறந்துவிடும்.

"குயவன் கையில் களிமண்ணாக இருக்கவேண்டிய பிள்ளை, கண்டவன் கடையில் மைதா மாவாகக் கிடக்கிறானே, ஆண்டவரே!"

அன்றைக்குக் கிப்சன் "ஆமென்" என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது. மரியாதை தெரிந்த பையன், ஆமென் சொல்லிவிட்டுத்தான் எழுந்தான். பையை எடுத்துக்கொண்டு போனவன் பேக்கரி மாடியிலேயே தங்கிவிட்டான். அதற்கப்புறம் அம்மாவுக்குப் போன் பண்ணுவான். கிறிஸ்மஸுக்கு வந்து கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவான்.

நாலு வருஷம் ஓடிப்போச்சு. அண்ணாச்சி விடவில்லை. மகன் இல்லாத வீட்டில் மகனைப் பற்றி இன்னும் சத்தமாக ஜெபித்தார். அக்கா சில நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே முழங்காலில் இருக்கும். போனில் அந்தப் பக்கம் பையன் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டால் மனசு இளகும் என்று அண்ணாச்சிதான் அப்படிப் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

போன ஐப்பசியில் ஒருநாள் அக்கா அழுதுகொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றது. பேக்கரிக்காரர் கோயம்புத்தூரில் கடை போடுகிறாராம். கிப்சனை அங்கே பொறுப்பாக அனுப்புகிறாராம். திங்கட்கிழமை ரயில்.

"கிறிஸ்மஸுக்கும் வர முடியாதுங்கான் தம்பி. இனி அவன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்."

அண்ணாச்சி ஐயரை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். விசேஷ ஜெபம் என்பதால் என்னையும் கூப்பிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் உட்கார்ந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் வீட்டுச் சுவரில் புதிதாக ஓர் ஆணி அடிக்க இடம் கிடையாது. வசனம் போட்ட படங்கள், பழைய வருஷத்துக் காலண்டர்கள். கர்த்தருடைய வார்த்தையைக் கழற்றிக் குப்பையில் போடலாமா என்று ஒன்றையும் கழற்றவில்லை.

"நாலு வருஷமா முழங்கால் தேய ஜெபிக்கேன் ஐயரே" என்றார் அண்ணாச்சி. குரல் உடைந்துவிட்டது. "உபவாசம் இருந்தேன். பொருத்தனை பண்ணினேன். ஏன் ஐயரே என் ஜெபம் கேக்கப்படல?"

ஐயர் எழுந்தார்.

"ஜெபிப்போமா?" என்றார்.

அக்கா முக்காடு போட்டது. எல்லாரும் முழங்கால்படியிட்டோம். ஐயர் கண்ணை மூடினார்.

"கிருபையுள்ள பிதாவே, எனக்குத் தாகமாக இருக்கிறது. வேதமாணிக்கம் அண்ணாச்சி எழுந்துபோய் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவரும்படி அவருடைய இருதயத்தை ஏவியருளும். அவருடைய மறதியை மன்னியும். ஆமென்."

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணாச்சி இரண்டு கண்ணையும் திறந்திருந்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தது.

"நீங்க உக்காருங்கக்கா" என்றார் ஐயர். "ஜெபம் அண்ணாச்சிக்கு."

"என்ன ஐயரே இது?" என்றார் அண்ணாச்சி. "தண்ணி வேணும்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே? மூக்குக்கு முன்னாலதானே இருக்கேன்!"

"கேட்டா தருவீங்களா?"

"இது என்ன கேள்வி? நல்லாருக்கே!"

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேட்டதுக்கு யாரு கோவிப்பா? இப்படி ஜெபத்துல வச்சுச் சொன்னதுக்குத்தான் கோவம் வருது. சாலமோனுக்கு முன்னால, இவளுக்கு முன்னால, ஒரு செம்பு தண்ணிகூடக் குடுக்காத மனுஷனா என்னைய ஆக்கிட்டீங்களே! பதில் சொல்லவும் முடியாது. ஆண்டவர்கிட்ட பேசுறவரை நடுவுல மறிச்சா..."

அண்ணாச்சி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஐயர் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். நல்ல தாகம்தான் போலிருக்கிறது. வாயைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று கிளம்பிவிட்டார்.

"விசேஷ ஜெபம்?" என்று நான்தான் கேட்டேன்.

"முடிஞ்சுச்சே" என்றார்.

அன்றைக்கு ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் வீட்டுக்காரி பயந்துவிட்டாள். "போய்ப் பார்த்துட்டு வாங்க, மனுஷனுக்கு மேலுக்கு முடியலையோ என்னவோ" என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என் வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, கோயிலுக்குப் போகிற சட்டை.

"வண்டிய எடு சாலமோன். தூத்துக்குடி வரைக்கும் போகணும்."

நேரே பேக்கரிக்குப் போனோம். பேக்கரிக்குப் பின்பக்கம் அடுப்படி. கிப்சன் முழங்கை வரைக்கும் மாவோடு நின்றிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

இத்தனை வருஷத்துப் பழக்கம், அண்ணாச்சியை என்ன சொல்ல? கையைக் கட்டிக்கொண்டார். கண் தானாக மூடிக்கொண்டது.

"கிருபையுள்ள..."

"அப்பா" என்றான் கிப்சன். "கண்ணைத் தொறங்க. நான் இங்க நிக்கேன்."

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார். நன்றாக மெலிந்திருந்தான். நெற்றிக்கு மேலே முடி கொட்டியிருந்தது. இந்த நாலு வருஷத்தில் அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

"எனக்கு ஒரு பன்னு தாலே" என்றார்.

அவன் சூடாக ஒன்றை எடுத்து, ஊதி, தாளில் வைத்துக் கொடுத்தான். அண்ணாச்சி நின்றுகொண்டே தின்றார். அவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

"இனிப்பு ஜாஸ்தி."

கிப்சன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே மாவுக் கையால் கண்ணைத் துடைத்தான்.

"என்னலே சிரிக்கே?"

"இப்பத்தான் முதல் தடவையா என் மூஞ்சியப் பாத்துக் குறை சொல்லுதீங்க."

அண்ணாச்சி மிச்சப் பன்னையும் தின்று முடித்தார். தாளை மடித்தார். அதைப் போட இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ கோயம்புத்தூர் போறது எனக்குப் பிடிக்கல."

"தெரியும்பா."

"இந்த வேலையும் எனக்குப் பிடிக்கல. ஊர்ல கேக்காங்க. பதில் சொல்ல வெக்கமா இருக்கு."

"சரிப்பா."

"நீ இல்லாம வீடு நல்லால்ல."

அவன் திரும்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தான். நானும் வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். வண்டி போட்ட இடத்தில்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அண்ணாச்சி மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. அக்காவுக்குப் பன்னு. "போகத்தான் செய்வானாம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு வீட்டுக்கு வாரானாம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிப்சன் வந்தான். ஏழு மணிக்குப் பாட்டுக் கேட்டது, சங்கீதம் கேட்டது. நானும் என் வீட்டுக்காரியும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளை தூரதேசம் போகிறான், அண்ணாச்சி இன்றைக்கு ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தோம்.

"ஆண்டவரே, கிப்சன் நாளைக்குப் போறான். நீர் அறிவீர். ஆமென்."

"என்ன, அவ்வளவுதானா?" என்றாள் என் வீட்டுக்காரி.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. அப்பன் ஏதோ சொல்ல, மகன் ஏதோ சொல்ல, அக்கா நடுவில் சிரிக்க. ஒருதரம் சண்டை போலவும் இருந்தது. ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. அவர்கள் தங்களுக்குள்ளேதான் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரிக்கு அதில் வருத்தம்தான்.

திங்கட்கிழமை கிப்சன் போய்விட்டான். கிறிஸ்மஸுக்குக் கடையை விட்டு வரமுடியாது, பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஐயர் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஐயர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயரே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"அவன்கிட்ட நேரா ஒரு நாள் பேசினேன். உடனே பதில் சொன்னான். அப்ப அந்த நாலு வருஷம்? நான் கண்ணீரோட பண்ணின ஜெபத்துல ஒண்ணுகூடவா கேக்கப்படல?"

"கேக்கப்பட்டுச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "அப்படியா ஐயரே?"

ஐயர் துணியை உதறிச் சீட்டுக்கு அடியில் செருகினார்.

"ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. கிப்சனுக்கு."