சக்கரம் எழும்பாத நேரம்

வேதாச்சலத்திடம் சொந்தமாக விமானங்கள் இருந்தன. சம்பளம் கொடுக்கத்தான் மனசு இல்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் விமானிக்குச் சம்பளம் ஓடும் என்பது அவர் சட்டம். மழைக்கும் ஓடுபாதை வரிசைக்கும் காத்து நின்றே விமானிகளுக்குப் பாதி நாள் போனது. அதற்கும் சம்பளம் வேண்டும் என்று ஒப்பந்தப் பேச்சில் கேட்டார்கள்.

"தரையில சும்மா உக்காந்திருக்கிறதுக்குப் பேர் வேலையா?" என்று சொல்லி வேதாச்சலம் எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் மதுரையில் அவர் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். தன் விமானம் ஒன்றில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். சென்னையில் நல்ல மழை. விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. விமானிகள் எல்லாருக்கும் இளையவளான சகாயமேரி விமானி அறையிலிருந்து வந்து, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"இங்க என்னம்மா பண்றே?"

"சக்கரம் எழும்பலையே சார். எனக்கு இப்ப வேலை இல்ல."

"கேப்டன் எங்கே?"

"அவருக்கும் வேலை இல்ல சார். பேப்பர் படிக்கிறார்."

"டவர்ல கூப்பிட்டா யார் பதில் சொல்றது? வரிசை போச்சுன்னா முகூர்த்தம் போச்சு. போய் உன் வேலையைப் பாரும்மா."

"எது சார் என் வேலை?"

"அங்க உக்காந்திருக்கிறதுதான்" என்று கத்தினார். கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

அவள் உடனே எழுந்து போனாள். முகூர்த்தத்துக்கு முன்பே மதுரையில் இறக்கிவிட்டார்கள். அத்தனை பேர் கேட்ட பேச்சை மாற்ற முடியுமா? "ஒப்பந்தத்துல எழுதித் தொலைக்கிறேன்" என்றார் படியில்.

சகாயமேரி கைகூப்பினாள். அதில் கேலி இல்லை.

"ரொம்ப நன்றி சார். எத்தனையோ வருஷமா நாங்க சொல்லத் தெரியாம தவிச்சதை நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க."