கொக்குகள் காத்திருந்த வெள்ளைக் கோட்டை

முன்னொரு காலத்தில், எது கடல் எது நிலம் என்று இரண்டும் இன்னும் பேசி முடிக்காத காலத்தில், பிளாண்டர்ஸ் என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மலை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. ஒரு மாடு படுத்திருந்தால் அடுத்த ஊரிலிருந்து தெரியும், அவ்வளவு தட்டை. மலை இல்லாத ஊரில் பிரபுக்கள் எங்கே போய் ஒளிவார்கள், சொல்லுங்கள். தண்ணீருக்கு நடுவில் கோட்டை கட்டி, சுற்றிலும் அகழி வெட்டி, தூக்குப் பாலத்தைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார்கள்.

அப்படி மூன்று கோட்டை வைத்திருந்தவர் வால்ராவன் பிரபு. சிவப்புக் கோட்டை ஒன்று, சாம்பல் கோட்டை ஒன்று, வெள்ளைக் கோட்டை ஒன்று. மனிதருக்கு மந்திரமும் தெரியும். பணமும் கோட்டையும் மந்திரமும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்தால் ஊருக்கு நல்லதா? அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த நாட்டில் லீவினா என்று ஒரு பெண் இருந்தாள். கண்ணில் பட்டதை எல்லாம் என்ன ஏது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சந்தைக்கு உப்பு வாங்கப் போவாள். வழியில் காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்று உள்ளே புகுந்து பார்ப்பாள். உப்பு இல்லாமல் வீடு திரும்புவாள். அவளுடைய அண்ணன் யோஸ் இதற்கு நேர்மாறு. போனால் போன காரியம், முடிந்தால் வந்த வழி. தங்கை வேடிக்கை பார்க்க நின்றால் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு முறைப்பான். எரிச்சல் வந்தால் அது அவன் பழக்கம். தாயும் தகப்பனும் இல்லாத அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. மதகைத் திறந்தால் வடிந்துவிடும். ஆனால் மதகின் சாவி வால்ராவன் பிரபுவின் இடுப்பில் தொங்கியது. கேட்டு வாங்கி வருகிறேன் என்று போன யோஸ் திரும்பவில்லை. அவனுக்கு முன்னால் வரியைக் குறைக்கச் சொல்லிப் போனவர்களும், வேலை கேட்டுப் போனவர்களும்கூடத் திரும்பியிருக்கவில்லை. மரங்களில் இலை கொட்டத் தொடங்கியதும் லீவினா மரச்செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணனைத் தேடிக் கிளம்பினாள்.

நடந்தாள், நடந்தாள், சிவப்புக் கோட்டைக்கு வந்தாள். தூக்குப் பாலம் உயரத் தூக்கியபடி இருந்தது. அது கரகரவென்று மரக்குரலில் கேட்டது.

"எதுக்கு வந்தே? கேட்க வந்தியா, பார்க்க வந்தியா?"

லீவினாவின் காதில் கேள்வியே விழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு சுவரைப் பார்த்தாள். சிவப்புச் செங்கல் வரிசையில் நடுநடுவே கறுப்புச் செங்கல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோலம் மாதிரி கட்டியிருந்தார்கள். வந்த காரியமே அவளுக்கு மறந்துபோனது.

"இதை யார் யோசிச்சுக் கட்டினாங்க?" என்றாள்.

பாலம் கடகடவென்று இறங்கியது. உள்ளே போய், ஒரு முழு மாட்டைச் சுடக்கூடிய அடுப்பையும், சுவருக்குள்ளேயே இறங்கும் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு பாலத்திடம் விஷயத்தைச் சொன்னாள்.

பாலத்துக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. அதனால் உள்ளதைச் சொன்னது. வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது கேட்கவே வருகிறார்கள் என்று பிரபுவுக்கு மனம் வெறுத்துவிட்டதாம். கேட்க வருகிறவர்களை எல்லாம் கொக்காக்கித் தன் அகழியில் நிறுத்திவிடுகிறாராம். "அவர் வாயாலேயே 'உனக்கு என்ன வேணும்'னு ஒருத்தரைக் கேட்டா மந்திரம் உடைஞ்சுடும். ஆனா அவர்தான் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கறதே இல்லையே. சீக்கிரம் போ, பெண்ணே. அகழி உறைஞ்சா கொக்கெல்லாம் தெற்கே பறந்துடும். பறந்துட்டா, தாங்க மனுஷங்களா இருந்ததே அதுகளுக்கு மறந்துடும்."

நடந்தாள், நடந்தாள், சாம்பல் கோட்டைக்கு வந்தாள். அங்கிருந்த பாலமும் அதையே கேட்டது. "எதுக்கு வந்தே? கேட்க வந்தியா, பார்க்க வந்தியா?"

"சும்மா பார்க்கத்தான்" என்றாள் லீவினா. பொய். மனசு முழுக்க அண்ணன். உடனே முழங்கையில் சுருக்கென்றது. பார்த்தால் ஒரு சாம்பல் இறகு முளைத்திருந்தது. பயத்தில் அண்ணாந்தவளுக்குக் கோட்டை வாசலுக்கு மேலே தரையே இல்லாமல் ஓர் அறை நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எதிரி தலையில் கல் போடவா, வெந்நீர் ஊற்றவா, இல்லை வெறும் கழிப்பறையா என்று யோசிக்க ஆரம்பித்தாள். இறகு உதிர்ந்தது, பாலம் இறங்கியது. அது கழிப்பறைதான். பிரபு மட்டும் அங்கே இல்லை.

நடந்தாள், நடந்தாள், வெள்ளைக் கோட்டைக்கு வந்தாள். அகழி நிறையக் கொக்குகள். எல்லாம் ஒற்றைக்காலில், எல்லாம் தூக்கிய பாலத்தையே பார்த்தபடி நின்றன. அதில் ஒன்று அவளைக் கண்டதும் தலையை இடது பக்கம் சாய்த்து முறைத்தது. இவளை யார் வரச் சொன்னது என்கிற அதே முறைப்பு. லீவினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்கு வந்தே?" என்றது பாலம். "கேட்க வந்தியா, பார்க்க வந்தியா?"

சுவரில் என்னென்னவோ இருந்தன. அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. அண்ணனை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது?

"கேட்கத்தான் வந்தேன். என் அண்ணனைக் கொடுங்க."

சொன்ன மாத்திரத்தில் கால் நீண்டது, கழுத்து நீண்டது. தொப்பென்று அகழியில் வந்து விழுந்தாள், கொக்காக.

பின்னால் போய் நில் என்று மற்ற கொக்குகள் சத்தம் போட்டன. யோஸ் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"பேசாம என் பக்கத்துல நில்லு. பாலம் திறக்கும்."

"எப்போ அண்ணா?"

"திறக்கும்."

"உள்ளே என்ன இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இத்தனை நாளா நிக்கறே, எட்டிக்கூடப் பார்க்கலையா?" என்றாள் லீவினா. மேலே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். கை இல்லை, இறக்கை. அங்கே நின்ற எல்லோருக்கும் அது இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவம். ஆளாளுக்கு வரிசையில் தன் இடம் போய்விடுமே என்ற கவலை. போகாதே, இடம் போய்விடும் என்று யோஸும் கத்தத்தான் செய்தான். அவள் தட்டுத்தடுமாறிப் பறந்து ஜன்னலுக்குள் போய் விழுந்தாள்.

பெரிய மந்திரவாதி எப்படி இருப்பான் என்று நினைக்கிறீர்கள்? காலுறையோடு நின்றுகொண்டு ஒரு கிழவர் தனக்குத்தானே சூப் கிண்டிக்கொண்டிருந்தார். கொக்கைக் கண்டு சூ சூ என்று விரட்டினார். கொக்கு போகவில்லை. அடுப்படியில் பதித்த நீல ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அதில் ஒரு கப்பல், ஒரு காற்றாலை, மீனைத் துரத்தும் பூனை ஒன்று. பூனை அருகில் போய்க் கொக்கு நின்றுவிட்டது.

"அது நானே வரைஞ்சது" என்றார் வால்ராவன், தன்னையறியாமல். "இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்லை. வர்றவங்களுக்கு அவங்கவங்க காரியம்."

அப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை. புது வீடு கட்டினவர் வந்தவரை அறை அறையாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இந்தப் படிக்கட்டு ஏன் வலப்பக்கமாகச் சுற்றுகிறது தெரியுமா என்றார். இந்த உத்தரத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா என்றார். லீவினாவும் மனசார எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தக் குணம் கொக்கானாலும் போகாது.

மேல்மாடிக்கு வந்தார்கள். அங்கிருந்த ஜன்னலில் அகழி தெரிந்தது. ஓரத்தில் வெள்ளையாகப் பனிக்கட்டி படர்ந்திருந்தது. கொக்குகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கித் தெற்கே திரும்பின. யோஸும் திரும்பினான். லீவினா அப்படியே நின்றாள்.

"வா, நிலவறையைக் காட்டறேன்" என்றார் பிரபு. அவள் அசையவில்லை. இத்தனை நேரம் எதையும் விடாமல் பார்த்த பறவை, இப்போது ஒன்றையே பார்க்கிறது. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? கிழவருக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் வந்து, எட்டி, கீழே பார்த்தார்.

"இத்தனை பேரா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. கொக்கின் முகத்தைப் பார்த்தார். அதன் கண்ணில் நீர்.

"உனக்கு என்ன வேணும்?"

அவ்வளவுதான். ஜன்னலோரத்தில் கொக்கு இல்லை, ஈரப் பாவாடையோடு ஒரு பெண் நின்றாள். "அதோ, அது என் அண்ணன்" என்று அவள் கைகாட்டுவதற்குள் கீழே அகழி முழுக்க மனிதர்கள், இடுப்பளவு தண்ணீரில் பல் கிடுகிடுக்க. பாலம் தடாரென்று இறங்கியது. எல்லோரும் மேலே ஏறி வந்தார்கள். யோஸ் தங்கையின் கையைப் பிடித்தவன் விடவேயில்லை, அவள் வலிக்கிறது என்று சொன்ன பிறகும்.

அவர்கள் மறுபடி கேட்கத் தொடங்குவதற்குள் வால்ராவனே யோஸைக் கேட்டார், நீ எதற்கு வந்தாய் என்று. மதகு என்றான் யோஸ். வா, காட்டு என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, காலுறையோடேயே கிளம்பினார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

வயலில் தண்ணீர் நின்றது. மதகுக்குப் போக அதில் இறங்கித்தான் ஆகவேண்டும். முழங்கால் அளவு வந்ததும் கிழவர் நின்றுவிட்டார். உடம்பு நடுங்கியது.

"இந்தக் குளிரிலேயா நின்னீங்க?"

"இதிலேதான் ஐயா."

கிழவர் மறுபடி தண்ணீருக்குள் நடந்தார். பிறகு மதகின் பூட்டைத் திறந்து, துருப்பிடித்த சக்கரத்தைத் தன் கையாலேயே திருப்பினார். முடியாதபோது, கொக்காக இருந்தவர்கள் அத்தனை பேரும் கைகொடுத்தார்கள். தண்ணீர் வடிந்தது. சாவியை யோஸிடமே கொடுத்தார். மூன்று கோட்டைக்கும் லீவினாவை அதிகாரியாக வைத்தார். அவள் செய்த முதல் வேலை, இனித் தூக்கவே முடியாதபடி பாலங்களின் சங்கிலியைக் கழற்றியது. அதற்குப் பிறகு கேட்க வந்தவர்களும் வந்தார்கள், பார்க்க வந்தவர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் சூடாக சூப் கிடைத்தது. அவர்கள் அங்கே வயிறு நிறைய இருந்தார்கள், கேட்ட நாம் இங்கே மனசு நிறைய இருப்போம்.