வெயிலூரில் அரசர் வீடு வாங்கிய கதை

முதலில் ஒரு விடுகதை. வெள்ளைச் சட்டைக்காரன், வாய் இல்லாதவன். வீட்டை விற்கிறவர் மறைக்கும் ரகசியத்தை அடுப்படியில் உட்கார்ந்து அழுதே காட்டிக்கொடுத்துவிடுவான். யார் அவன்? பதிலை மனதுக்குள் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார். மதியச் சாப்பாடு முடிந்ததும் அதையே மாற்றிச் சொல்வார். மாறாதது ஒன்றுதான், மகள் செங்கமலத்தின் மேல் வைத்த பாசம். அந்த எட்டு வயதுக் குழந்தைக்கு இழுப்பு நோய். மலையடி அரண்மனையின் குளிரில் மூச்சுவிடவே திணறினாள்.

"வெயிலூரில் ஈரமில்லாத வீட்டில் ஒரு வருடம் இருந்தால் குணமாகிவிடும். ஈர வீடாக அமைந்துவிட்டால் நோய் இரட்டிப்பாகும்" என்றார் வைத்தியர்.

வெயிலூரில் அரசரே ஆனாலும் விலை கொடுத்துத்தான் வீடு வாங்க வேண்டும். அப்படி வாங்குகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பவள் பூங்காவனம். இருபது வருடம் தலையில் கூடையோடு தெருத்தெருவாக உப்பு விற்றவள், இப்போது தரகு வேலை செய்தாள். பாதிக் கூலியைச் சாவி வாங்கும் அன்றும், மீதியை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகும் வாங்குவாள். வீடு ஒழுகினால் மீதியைக் கேட்கவே மாட்டாள்.

அரசர் பரிவாரத்தோடு வெயிலூர் வந்து அவளை அழைத்தார். பக்கத்தில் நின்ற அரசவை ஆலோசகர் சபாரஞ்சிதருக்கு முகம் கறுத்தது. அரசர் வேறு யாரிடமாவது யோசனை கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அரசே, வீடு பார்க்க ஓர் உப்புக்காரியா? எனக்குக் கண் இல்லையா? நேற்றே பார்த்துவிட்டேன். கீழைத் தெருவில் மயில் மாளிகை! புதுச் சுண்ணாம்பு, பளிங்குத் தரை. விலையும் பாதிதான்."

"அந்த வீடா?" என்றாள் பூங்காவனம். "வேண்டாம் அரசே. குழந்தைக்கு ஆகாது."

"ஏன்?"

"மற்ற வீடுகளில் மாதம் ஒரு படி உப்பு வாங்குவார்கள். மயில் மாளிகையில் வாரம் ஒரு படி. அப்போது அங்கே இருந்தவர்கள் நாலே பேர்தான். இவ்வளவு உப்பு எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்தேன். பானையிலேயே கரைந்து போகிறது. விசாரித்தால், குளத்தைத் தூர்த்துக் கட்டிய வீடாம்."

சபாரஞ்சிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடக்கிறது! விலை ஏறினால்தானே இவளுக்குத் தரகும் ஏறும்? அதனால் இப்படிச் சொல்கிறாள்."

"இதுவும் சரியாகத்தான் இருக்கிறது" என்றார் அரசர். அப்போது அவர் சாப்பிட்டு முடித்திருந்தார்.

பூங்காவனம் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் நெஞ்சு விசிலடிப்பது அவள் காதில் விழுந்தது. "அரசே, ஒரே மூட்டையிலிருந்து மூன்று மரக்கிண்ணம், அதுதான் மரவை, நிறைய உப்பு எடுப்போம். ஒன்று மயில் மாளிகையில். மற்ற இரண்டும் மேட்டுத் தெருவில் நான் பார்த்துவைத்த இரண்டு வீடுகளில். மூன்று நாள் பூட்டி வைப்போம். மயில் மாளிகைச் சாவி ஐயாவிடமே இருக்கட்டும்."

"மூன்று நாளா? இரண்டு!" என்றார் அரசர். "தோற்றது நீ என்றால் இந்த ஊரில் இனித் தரகே கூடாது. சபாரஞ்சிதரே, தோற்றது நீர் என்றால் மழைக்காலம் முழுவதும் மயில் மாளிகையில் நீர்தான் குடியிருக்க வேண்டும்."

"ஆனந்தமாக இருப்பேன், அரசே!"

மூன்றாம் நாள் காலை எல்லோரும் கிளம்பினார்கள். மேட்டுத் தெருவில் இரண்டு மரவைகளிலும் உப்பு மணல் போலக் காய்ந்து கிடந்தது. பிறகு மயில் மாளிகை. சபாரஞ்சிதர் பெருமையாகக் கதவைத் திறந்தார். அங்கேயும் மரவை நிறைய வெள்ளை வெளேரென்று பளபளத்தது!

பூங்காவனம் சுவரைத் தடவிப் பார்த்தாள். இருபது வருடம் பார்த்தது பொய்யாகுமா?

"பார்த்தீர்களா அரசே? ஒரு பொட்டு ஈரம் உண்டா?"

அப்போது தரையில் குந்தியிருந்த செங்கமலம் கேட்டாள்: "அப்பா, எறும்புக்கு உப்பு பிடிக்குமா?"

எல்லோரும் குனிந்தார்கள். கதவிடுக்கிலிருந்து மரவை வரைக்கும் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அரசர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். இன்னொரு சிட்டிகை போட்டார்.

"சபாரஞ்சிதரே, உம்முடைய வீட்டில் உப்பு இனிக்கிறதே!"

"அது... வீட்டின் ராசி அரசே..."

"கற்கண்டுப் பொடி! வைத்த உப்பு எங்கே?"

சபாரஞ்சிதர் வாயைத் திறந்தார். வந்தது பதில் இல்லை, பெரிய தும்மல். அடுத்தடுத்து ஒன்பது தும்மல். நேற்று மாலை சாவியைப் போட்டு உள்ளே போய், கஞ்சியாகிக் கிடந்த உப்பைக் கொட்டிவிட்டுக் கற்கண்டை நிரப்பியவர், பளிங்குத் தரை சில்லென்றிருக்கவே சற்றுப் படுத்துக் கண் அயர்ந்துவிட்டாராம்.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழப் பார்த்தது. "மழைக்காலத்துக்குப் போர்வை தருகிறேன், ஐயா. உப்பு மட்டும் தரமாட்டேன்!" பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிப் பூங்காவனத்திடம் கொடுத்தார். "மேட்டுத் தெரு வீடுகளில் எது நல்லது?"

"இரண்டிலும் ஈரமில்லை, அரசே. ஆனால் குறை உண்டு. ஒன்றில் கிணறு இல்லை, தெருக்கோடிக்குப் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். இன்னொன்றில் அடுத்த வீட்டுச் சேவல் நேரங்காலம் பார்க்காமல் கூவும், தூங்க விடாது."

"குறையைச் சொல்லியா விற்பாய்?"

"விற்கிறவர் ஆள் இல்லை நான். உங்களுக்காக வாங்குகிறவள்."

அரசர் இந்த வீடு என்றார், உடனே அந்த வீடு என்றார், மறுபடி இந்த வீடு என்றார். கடைசியில் மகளைப் பார்த்தார். "இருக்கப் போகிறவள் நீ. நீயே சொல்லம்மா."

"எனக்குச் சேவல் வேண்டும்" என்று செங்கமலம் சேவல் வீட்டை எடுத்துக்கொண்டாள்.