சத்தம் குறைக்கும் பட்டன்

பாட்டின் சத்தம் மறுபடியும் தானாகக் குறைந்தது.

தாவீது இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“பாத்தீங்களா மாஸ்டர்? நான் தொடவே இல்ல.”

அவர் மாஸ்டர் என்று அழைத்த கிளாடிஸுக்கு முப்பத்து நான்கு வயது. தாவீதுக்கு ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பார்வை மங்கியதும் அவளிடம் கார் ஆடியோ வேலை கற்க வந்தார். பத்து நாட்களுக்கு முன் இந்தக் காரில் புது செட்டைப் பொருத்தி, ஸ்டீயரிங் பட்டன்களை அதற்குப் பழக்கியவர் அவர்தான். தனியாகச் செய்த முதல் வேலை.

“எப்ப குறையுது அண்ணாச்சி?”

“அந்தம்மா பேச ஆரம்பிச்சா.”

இடது பக்கத்து முன் சீட்டில் ஜெபமணி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்ததிலிருந்து இறங்கவில்லை. மகள் எஸ்தர் காருக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

“இன்னிக்குச் சரியாகலைன்னா வண்டியை நாளைக்கு வித்துருவேன்” என்றாள் எஸ்தர். “இதை ஓட்டவே பயமா இருக்கு எனக்கு.”

ஜெபமணி அம்மாள் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹாரன் அடிச்சுப் பாத்தீங்களா?” என்றாள் கிளாடிஸ்.

“அது எதுக்கு?”

“லாரிக்காரர் முதல்ல அதைத்தானே செய்வீங்க.”

தாவீது விரல்விட்டு எண்ணினார்.

“மைக்கைக் கழட்டிட்டேன். கேபிளை மாத்திட்டேன். செட்டைத் தனியா எடுத்து வச்சுட்டு, ஸ்டீயரிங்ல இருந்து வர்ற ஒயர்ல மீட்டரும் வச்சேன். அம்மா பேசுனாங்க. முந்நூத்து முப்பது காட்டுச்சு. அது சத்தம் குறைக்கிற பட்டனோட எண். விரல் வச்சு அழுத்தினாத்தான் வரும்.”

கிளாடிஸ் மீட்டரை வாங்கிப் பார்த்தாள்.

“ஒயரை வெட்டிரட்டுமா?”

“வெட்டிருங்க” என்றாள் எஸ்தர். “அப்பா செத்த அன்னிக்கே பழைய செட்டும் நின்னுபோச்சு. ஒரு வருசம் வண்டியில சத்தமே இல்ல. நிம்மதியா இருந்தேன்.”

ஜெபமணி அம்மாள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினாள்.

“அவருக்குப் பாட்டு இல்லாம வண்டி எடுக்க வராது. நான் வாயத் தொறந்தா பெருவிரலால சத்தத்தைக் குறைப்பாரு. என்னன்னு கேக்க மாட்டாரு. குறைப்பாரு, அவ்வளவுதான்.”

அவள் முடிப்பதற்குள் பாட்டு கிசுகிசுப்பாகிவிட்டது.

கிளாடிஸ் தாவீதை இறங்கச் சொல்லி, அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பட்டன்களைப் பார்த்தாள். கூட்டல் குறி புதிதுபோல் வெள்ளையாக இருந்தது. கழித்தல் குறி இருந்த இடம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது.

திரையைத் தொட்டு, செட் கற்றிருந்த எல்லாவற்றையும் அழித்தாள்.

“ஐயோ மாஸ்டர், போச்சே!”

“திரும்பச் சொல்லிக்குடுக்கலாம்.”

திரையில் ஒன்றைத் தொடுவாள். ஸ்டீயரிங்கில் அதற்கான பட்டனை அழுத்திப் பிடிப்பாள். செட் ‘டிக்’ என்று ஏற்றுக்கொள்ளும். அடுத்த பாட்டு. முந்தைய பாட்டு. போன் எடுக்க. சத்தம் கூட்ட.

கடைசியாகச் சத்தம் குறைக்கும் அடையாளத்தைத் திரையில் தொட்டுவிட்டு, காரைவிட்டு இறங்கினாள்.

“பட்டனை அழுத்துங்க மாஸ்டர். பத்து செகண்டுதான். எதுவும் வரலைன்னா எல்லாம் அழிஞ்சிரும்.”

“தெரியும்.”

திரையில் எண்கள் இறங்கின. ஒன்பது. எட்டு.

“அம்மா, ஏதாவது பேசுங்க” என்றாள் கிளாடிஸ்.

ஜெபமணி அம்மாள் காலி சீட்டைப் பார்த்தாள். ஆறு. ஐந்து.

“கொடியில துணியை எடுக்காம வந்துட்டேன்” என்றாள். “மழை வரும்போல இருக்கு.”

வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தாவீது ஜன்னல் வழியே குனிந்தார். அவர் பின்னாலிருந்து எஸ்தரும் பார்த்தாள். தேய்ந்த பட்டன் உள்ளே போனது. அப்படியே சற்று நேரம் இருந்தது. பிறகு வெளியே வந்தது.

டிக்.

திரையில் எல்லா அடையாளங்களும் பச்சையாகின. பாட்டு திரும்பி வந்தது.

தாவீது ஜன்னலைவிட்டுப் பின்வாங்கினார்.

“மாஸ்டர், யாரு அழுத்துனது?”

கிளாடிஸ் மீட்டரின் ஒயர்களைச் சுற்றினாள்.

“யாருன்னு செட்டு கேக்காது அண்ணாச்சி. என்ன வருதுன்னுதான் கேக்கும்.”

“அப்ப இன்னும் பழுதுதானே?”

“சொல்லிக்குடுக்காதது தானா நடந்தா பழுது. இப்ப சொல்லிக்குடுத்தாச்சு.”

தாவீது கையிலிருந்த ஒயர் வெட்டும் குறடைப் பெட்டியில் வைத்தார்.

எஸ்தர் நெடுநேரம் கதவருகே நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அம்மா அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

எஸ்தர் சாவியைத் திருகினாள். கியரைப் போடுமுன், இடது பெருவிரலை நீட்டிச் சத்தத்தை நாலு கோடு கூட்டினாள். விரலை எடுத்துக்கொண்டு, “இப்ப சொல்லும்மா” என்றாள்.