கருமந்தியின் இறகுப் பை

மலைக்காட்டுக் குளம் ஒன்றின் கரையில் ஒரு கருமந்தியும் ஒரு முயலும் ஒரு வாத்தும் வாழ்ந்துவந்தன. மார்கழிப் பனியில் மூன்றும் எப்படியோ காலம் தள்ளின.

அன்று மாலை தண்ணீர் குடிக்கப் போன முயல், பனி படிந்த பாறையில் வழுக்கிக் குளத்தில் விழுந்துவிட்டது. தட்டுத்தடுமாறிக் கரையேறியது. ஆனால் உடம்பு விறைத்து, பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. மறுநாள் வெயில் வரும்வரை உயிர் தாங்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

கருமந்திக்கு மனசு கேட்கவில்லை. அதனிடம் ஓர் இறகுப் பை இருந்தது. குளிரில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் உள்ளே நுழைந்து தூங்குவார்களே, அந்தப் பை. யாரோ மறந்து விட்டுப் போனது. கிடைத்த நாளிலிருந்து, வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று கருமந்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது. எது கிடைத்தாலும் அதன்மேல் உட்கார்ந்தால்தான் அதற்கு நிம்மதி. இப்போது பையை இழுத்து வந்து, முயலை ஈரத்தோடு உள்ளே தள்ளியது.

நடுக்கம் குறையவில்லை, கூடியது. "எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அண்ணே" என்றது முயல். கருமந்தி பயந்துபோய், இது உதவாக்கரைப் பை என்று திட்டிக்கொண்டே வாத்தை அழைத்து வந்தது.

வாத்துக்குத்தான் என்ன நிதானம்! அது யாரையும் குறை சொல்லவில்லை. முதலில் முயலை வெளியே எடுத்து, காய்ந்த புல்லால் ஈரம் போகத் துடைக்கச் சொன்னது. தரையின் சில்லிப்பு ஏறாமலிருக்கச் சருகைப் பரப்பச் சொன்னது. பிறகு, அப்பளமாகக் கிடந்த பையை நன்றாக உதறச் சொன்னது. நல்லவேளை, உள்ளே அதிகம் நனையவில்லை. உதற உதறப் பை புசுபுசுவென்று உப்பியது.

"இறகு உப்பினால்தான் சூடு தங்கும். குளிரில் நான் சிலிர்த்துக்கொண்டு உட்காருவது அழகுக்கு என்று நினைத்தாயா?" என்று கேட்டது வாத்து.

"இப்போது முயலை உள்ளே விடலாமா, அக்கா?"

"விடலாம். ஆனால் பை தானாகச் சூடு தராது, தம்பி. இருக்கிற சூட்டைத்தான் காக்கும். முயலிடம் சூடே இல்லையே. நீ உடம்பு சூடேறப் பத்து மரம் தாவிவிட்டு வா. வியர்த்து ஈரமாவதற்குள் நிறுத்திவிடு. வந்து அதை அணைத்துக்கொண்டு உள்ளே படு."

கருமந்தி முகத்தைச் சுளித்தது. பாசி நாறும் முயலோடு ஒரே பையில் படுப்பதா? ஆனால் முயலின் கண்கள் செருகுவதைப் பார்த்ததும், மரமேறித் தாவியது.

பிறகு இரண்டும் பைக்குள் ஒடுங்கின. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. வாத்து தன் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பனியில் காவல் இருந்தது. அப்படி ஒரு துணை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வெயில் வந்தபோது பைக்குள்ளிருந்து இரண்டு நீண்ட காதுகள் எட்டிப் பார்த்தன.

"அண்ணன் இன்னும் தூங்குகிறார். சத்தம் போடாதீர்கள், அக்கா" என்றது முயல்.

எவ்வளவு நல்ல போர்வையும் இருக்கிற சூட்டைத்தான் காக்கும் என்பதால், குளிரில் விறைத்தவரிடம் போர்வையை மட்டும் நீட்டாமல் நாமும் அருகில் போக வேண்டும்.