பல் டாக்டரின் முன்னுரை

"டீச்சர், நான் வாசிக்க ஆரம்பிச்சாலே எல்லாரும் கொட்டாவி விடறாங்க. கிளினிக்ல பார்த்ததைவிட அதிகமா கடைவாய்ப்பல் பார்த்துட்டேன்."

இப்படிக் குறைபட்டவர் ஹார்லன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பல் டாக்டராக இருந்து, அறுபது வயதில் கிளினிக்கை இழுத்துப் பூட்டிவிட்டுக் கவிஞரானவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் அவருக்குக் கவிதை சொல்லிக்கொடுக்கும் டெஸ்ஸா. வயது முப்பத்துநான்கு. நான்கு கவிதைத் தொகுப்பு, இரண்டு பரிசு, பிழைப்புக்குக் கல்லூரியில் வகுப்பு. அந்த நாட்டில் கவிஞராக இருப்பதென்றால் அவ்வளவுதான்.

"இன்னிக்குச் சாயங்காலம் நான் வாசிக்கிறதைக் கேட்க என் மனைவி வர்றா. ஒரு கவிதையாவது அவளுக்குப் புரியணுமாம். இல்லேன்னா திங்கட்கிழமை நான் கிளினிக்கைத் திறக்கணுமாம்."

"கவிதைத் தாளைக் கொடுங்க டாக்டர். ஒரு வரி பார்க்கணும்."

கொடுத்தார்.

மாலையில் புத்தகக் கடையில் கவிதை வாசிப்புக் கூட்டம். டெஸ்ஸா முன்வரிசையில் உட்கார்ந்து அந்தத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஹார்லனின் மனைவி லொரெய்ன். எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக, கைப்பை மடியிலேயே இருந்தது.

அமெரிக்கக் கவிஞர்களுக்கு ஒரு பழக்கம். வாசிப்பதற்கு முன்னால், அந்தக் கவிதை எப்படி வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பல சமயம் கவிதை அதில் பாதிகூட இருக்காது.

"இது என் அம்மாவைப் பத்தினது," என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்ற ஹார்லன் டெஸ்ஸாவிடம் தாளுக்குக் கை நீட்டினார்.

டெஸ்ஸா விசிறிக்கொண்டே இருந்தார்.

"அம்மாவுக்குப் பல்செட் நான்தான் செஞ்சு கொடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். ஹார்லன் மறுபடி கை நீட்டினார். டெஸ்ஸா கூரையைப் பார்த்தார்.

ஹார்லனுக்கு வேறு வழியில்லை. பேசினார்.

"பொருந்தலை, பொருந்தலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஊருக்கெல்லாம் நான் பெரிய டாக்டர். ஒருநாள் சரிபண்ண வாங்கிட்டுப் போனேன். அதுக்குள்ள அவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. ஓடினேன். என்னைப் பார்த்ததும் சிரிச்சாங்க. பல் இல்லையேன்னு கையால வாயை மூடிக்கிட்டாங்க. அதுதான் கடைசி. பல்செட் என் சட்டைப்பையில இருந்தது."

சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கப்புறம் யார் வாயைத் திறந்தாலும் என் கை நடுங்குது. அதான் கிளினிக்கை மூடினேன்."

லொரெய்ன் அழுதுகொண்டிருந்தார். "இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

"எல்லாத்தையும் கவிதையில எழுதியிருக்கேனே!"

லொரெய்ன் டெஸ்ஸாவிடமிருந்து தாளைப் பிடுங்கிப் படித்தார்.

"இதுல நிலா இருக்கு. முத்து இருக்கு. பிரபஞ்சம் ரெண்டு இடத்துல இருக்கு. உங்கம்மா எங்கே?"

ஹார்லன் குனிந்து தாளை எட்டிப் பார்த்தார்.

லொரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

கடைக்காரர் மெல்ல எழுந்தார். "சார், கவிதையை ஆரம்பிக்கிறீங்களா? கடையை மூடணும்."

"முடிஞ்சுபோச்சே," என்றார் ஹார்லன்.