உப்புக்கிடங்கு சொன்ன ஒரே பதில்

“இதுங்களுக்கெல்லாம் முட்டைதான் மேடம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது.”

கோதண்டபாணி பிள்ளைகளின் நோட்டுக் கட்டை மேசையில் தள்ளினார். தள்ளிய வேகத்தில் டீ கிளாஸ் ஆடியது.

ரெஜினா கிளாஸை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கோதண்டபாணி பன்னிரண்டாம் வகுப்புக்குப் புவியியல் வாத்தியார். ஓய்வு பெறும் வயசு. முட்டிவலி உண்டு. அதைவிட அலுப்பு அதிகம் உண்டு.

ரெஜினா செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர். வயசில் அவருக்கு மகள் மாதிரி. இருந்தாலும், மார்க் போடுவதில் சிக்கல் என்றால் அந்த வட்டாரத்து வாத்தியார்கள் போய் நிற்பது ரெஜினாவிடம்தான். அவர் இதுவரை யாருக்கும் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கேட்டு அனுப்பிவிடுவார்.

“என்ன தப்பு பண்ணாங்க?”

“காப்பி மேடம். அச்சு அசல் காப்பி.”

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உப்புக்கிடங்கு என்று ஒரு குடியிருப்பு. பழைய வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் உயரமாக அடுக்குமாடி கட்டி, அதே சனத்தைத் திரும்பக் குடிவைத்திருக்கிறார்கள். ‘நகர மறுமேம்பாடு’ என்று தலைப்புக் கொடுத்து, பிள்ளைகளைக் களப்பணிக்கு அங்கே அனுப்பினார்கள். கதவு கதவாகத் தட்டி, கேள்வித்தாளில் இருப்பதைக் கேட்டு, அறிக்கை எழுத வேண்டும்.

கடைசிக் கேள்வி: புதுக் குடியிருப்பு எப்படி இருக்கிறது?

ரெஜினா ஒரு நோட்டைப் பிரித்தார். ‘வசதியாக இருக்கிறது. லிஃப்ட் மட்டும் அவ்வப்போது நிற்கிறது.’

இன்னொன்று. ‘வசதியாக இருக்கிறது. லிஃப்ட் மட்டும் அவ்வப்போது நிற்கிறது.’

அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதுவும் அதேதான்.

“ஒருத்தி எழுதியிருக்கா, மிச்சதெல்லாம் பாத்து எழுதியிருக்கு” என்றார் கோதண்டபாணி. “அந்த ஒருத்தி நிலோஃபர்தான். முதல் பெஞ்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். எல்லாம் அவ நோட்டைத்தான் வாங்கிட்டுப் போகும்.”

“கேட்டீங்களா?”

“கேட்டா? ‘நெஜமாவே அப்படித்தான் சொன்னாங்க சார்’னு சத்தியம் பண்ணும். சத்தியத்துக்கா இங்க பஞ்சம்?”

“முட்டை போட்டா என்ன ஆகும்?”

“ஃபெயில்தான். காலேஜ் கனவெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்க வேண்டியதுதான்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “எனக்கு மட்டும் ஆசையா மேடம்? காலமெல்லாம் இதே ஆறு, இதே மலை, இதே காப்பி. ஒரு பிள்ளை சொந்தமா ஒரே ஒரு வரி எழுதி நான் பாக்கணும். அதைக்கூடவா கேக்கக்கூடாது?”

ரெஜினா டீயைக் குடித்து முடித்தார்.

“பிள்ளைங்க மாடி ஏறும்போது நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“கீழ. டீக்கடையில.”

“சரி.”

“முட்டி மேடம்.”

“சரின்னுதானே சொன்னேன்.”

ஒரு கேள்வித்தாளை எடுத்துப் பரீட்சை அட்டையில் சொருகி நீட்டினார். “சாப்பாட்டு நேரம் இருக்கு. நீங்களும் கேட்டுட்டு வாங்க. வந்ததும் கையெழுத்துப் போடறேன்.”

“இந்த வெயில்லயா?”

“பிள்ளைங்களும் வெயில்லதான் போச்சுங்க.”

போனார். வேறு என்ன செய்வது, கையெழுத்து அங்கே இருக்கிறதே.

முதல் கதவு. பனியனோடு ஒருத்தன். “வசதியா இருக்கு சார். லிஃப்ட் மட்டும் அப்பப்போ நிக்குது.”

எதிர்க் கதவு. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அதே பதில்.

அடுத்த மாடியில் காது கேட்காத ஒரு தாத்தா. கேள்வி அவர் காதில் விழவே இல்லை. அட்டையைப் பார்த்தார், கத்தினார். “வசதியா இருக்கு! லிஃப்ட் மட்டும்…”

கோதண்டபாணிக்கு வியர்த்தது. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு ஊரே எப்படி ஒரே வாக்கியத்தைப் பேசும்?

லிஃப்ட் உண்மையிலேயே நின்றிருந்தது. அந்தப் பாதியாவது நிஜம்.

பாதி மாடியில் முட்டி ஒத்துழைக்க மறுத்தது. படியில் உட்கார்ந்தார். சிமெண்டு சுட்டது. அட்டையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த ஒரு பெண் நின்றாள்.

“இன்னா சார், முடியலியா?”

“முட்டி.”

“எங்க மாமியாருக்கும் அதான். குடிவந்த அன்னிக்கு ஏறினது. இன்னும் எறங்கல.”

குடத்தைச் சாய்த்தாள். அவர் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார்.

“இறங்காம எப்படிம்மா?”

“ஜன்னலாண்ட உக்காந்துகினு கீழயே பாத்துகினு இருக்கும். அது பரவால்ல சார், என் கதையக் கேளு. அப்போ வாசல்ல மீனு போட்டு வித்துகினு இருந்தேன். இப்போ வாசல் எங்க கீது? கீழ வெச்சா வாட்ச்மேன் கூடையத் தூக்கிடறான். மேல வெச்சா, மீனு வாங்க இவ்ளோ படி எவன் ஏறுவான்? நீ ஏறுவியா? நீயே பாதில குந்திக்கின.”

அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எந்த நோட்டிலும் படிக்காத வரி அது.

கை தானாக அடியிலிருந்து அட்டையை இழுத்தது. பேனாவைத் திறந்தார்.

“வசதியா இருக்கு சார்” என்றாள் அவள்.

முகம் வேறாகிவிட்டிருந்தது. “லிஃப்ட் மட்டும் அப்பப்போ நிக்குது.”

“இல்லம்மா, இப்போ ஏதோ சொன்னீங்களே…”

“நான் ஒண்ணும் சொல்லலியே.” குடம் இடுப்புக்கு ஏறியது.

“நான் ஆபீஸ் ஆளு இல்லம்மா. வாத்தியார்.”

“எழுதற ஆளுதானே.”

கொஞ்சம் ஏறிப்போய், திரும்பி நின்றாள்.

“வீட்டுப் பத்திரம் இன்னும் எங்க கைக்கு வரல சார். குறை சொல்ற வீட்டுக்குக் கொடுக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு. நிசமோ பொய்யோ, யாரு சோதிச்சுப் பாக்கறது? அதான் எல்லாரும் பேசி ஒரே பதிலா வெச்சுகினோம். எழுதினத அடிச்சிடு சார்.”

“இன்னும் எழுதவே இல்லம்மா.”

“அப்போ பேனாவ மூடு.”

மூடினார்.

பள்ளிக்கூடத்தில் ரெஜினா அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“காலியா இருக்கே சார்.”

“ஆமா மேடம்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

கோதண்டபாணி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

“பிள்ளைங்க காப்பி அடிக்கல” என்றார் கடைசியில். “முட்டையெல்லாம் வேண்டாம். பாஸ் போட்டுடலாம். ஆனா அதுக்கு மேல தாங்காது மேடம். கதவைத் தட்டியிருக்கு, சொன்னதை எழுதியிருக்கு, எறங்கி ஓடி வந்திருக்கு. நின்னு ரெண்டு வார்த்தை பேசினதா ஒண்ணுகூட இல்ல.”

ரெஜினா அட்டையை மேசையில் வைத்தார். வாசல் பக்கம் திரும்பினார்.

“நிலோஃபர்.”

வெளியே வரிசையில் நின்றவள் உள்ளே வந்தாள். காலையிலேயே முட்டைச் செய்தி பரவியிருந்தது. கண் வீங்கியிருந்தது.

ரெஜினா கையைக் கோதண்டபாணி பக்கம் காட்டினார். நீங்களே கேளுங்கள் என்பது போல.

“உப்புக்கிடங்குல யாராவது வேற ஏதாச்சும் சொன்னாங்களாம்மா? பதிலைத் தவிர?”

நிலோஃபர் தரையைப் பார்த்தாள்.

“சொன்னாங்க சார்.”

“யாரு?”

பதில் இல்லை.

“என்னன்னு சொன்னாங்க?”

அதற்கும் இல்லை.

“அப்போ ஏன்மா எழுதல?” கோதண்டபாணிக்குக் கோபம் வரவில்லை. கெஞ்சுகிற குரல்தான் வந்தது. “அதுக்குத்தானே நான் இத்தனை காலமா காத்துக்கிட்டிருக்கேன்? எழுதியிருந்தா முழு மார்க் போட்டிருப்பேனே!”

நிலோஃபர் நிமிர்ந்தாள்.

“எழுதினா நீங்க படிப்பீங்களே சார்.”